ஹெப்சிபாவுக்குப் பிடித்த இடம்

மழை நேற்று மாலையே பிடித்துக்கொண்டது. விடிந்து, காலை ஆகாரம் முடிந்து, மாடிக்கு வந்த பிறகும் அதே கதியில் பெய்துகொண்டிருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை, யாரோ பக்கத்து அறையில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது மாதிரி. சுகிர்தா கட்டிலின் ஓரத்தில், விரிப்பு கசங்காதபடி பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்து, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கடல் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து மங்கியிருந்தது. சத்தம் மட்டும் வந்தது, அதுவும் அலை அலையாக இல்லாமல் ஒரே இரைச்சலாக. இன்றைக்குக் கிறிஸ்துமஸ் என்று சொல்லிப் பார்த்தாள். சொல் வாயில் நின்றது, உள்ளே இறங்கவில்லை. அதற்கு முன்னால் இன்னொன்று இறங்கி அடைத்துக்கொண்டிருந்தது. நேற்று வரவேற்பு மேஜையில் இருந்த அந்த நரைமீசைக்காரர் சிரித்த முகமாக எழுந்து, வாங்க சார், மூணு நாலு வருஷம் ஆச்சே, பழைய ரூமே போட்டிருக்கேன் என்று அவள் கணவர் எட்வினிடம் சொல்லிவிட்டு, அவர் மகள் பெனிட்டாவிடம் திரும்பி, அம்மா பின்னாடி வர்றாங்களா பாப்பா என்று கேட்டார். பெனிட்டா, வரல என்றாள். அவ்வளவுதான், வரல. அவர் பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நின்ற சுகிர்தாவைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், தங்கச்சிங்களா சார் என்றார். எட்வின், சாவியக் குடுங்க என்றார். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சாவியக் குடுங்க.

அந்த இடத்தில்தான் மனசு ராத்திரியிலிருந்து மாட்டிக்கொண்டு கிடந்தது. கோபமா என்று தொட்டுப் பார்த்தால் கோபம் இல்லை. ஜூன் மாதம் திண்டுக்கல்லில், சின்னக் கூட்டமாக, ஆராதனை முடிந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தாலி கட்டி மோதிரம் மாற்றி ஆசீர்வாதம் வாங்கியது நடந்த காரியம்தானே, அது எங்கே போய்விடும்? நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் என்று சபையில் சிலர் சிரித்ததும் நடந்த காரியம்தான். ஆனால் மூணு நாலு வருஷம் ஆச்சே என்ற சொல். பழைய ரூமே என்ற சொல். இந்த ஓட்டலைப் பற்றி எட்வின் சொன்னபோது, ராமநாதபுரம் தாண்டிக் கடலோரத்தில் ஒரு இடம் இருக்காம், அமைதியா இருக்குமாம், என்று யாரோ சொல்லிக் கேட்டவர் மாதிரி 'ஆம்' போட்டுத்தான் சொன்னார். பெனிட்டா ரொம்ப ஆசப்படுறா, பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னாடி ஒரு தடவ எங்கயாவது போகணுங்கிறா, என்றார். பெனிட்டா ஆசைப்பட்டாள் என்றதும் சுகிர்தா அதிகாலை ஆராதனையை விட்டாள், பாட்டுக்குழுவில் இருபது வருஷமாக நின்ற இடத்தை விட்டாள், மாவு இடித்து வைத்திருந்த அச்சு முறுக்கை விட்டாள். பெட்டி கட்டும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தாலும். அண்ணன் வீட்டில் இருந்த வருஷங்களிலெல்லாம் கிறிஸ்துமஸ் என்றால் எண்ணெய்ச் சட்டி முன்னால்தான். அண்ணி வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவாள், பிள்ளைகள் நட்சத்திரம் கட்டுவார்கள், சுகிர்தா முறுக்கை எடுத்து எண்ணெய் வடியப் போடுவாள். பிறகு அரிசி டிரம்மும் பழைய மெத்தைகளும் இருக்கும் தன் அறைக்குப் போய் தலைமுடியில் எண்ணெய்ப் புகை நாற்றத்தோடு படுப்பாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சங்கடமே, யாரும் கெட்டவர்களாக இருந்ததில்லை. இருக்கிற இடம் மட்டும் எப்போதும் வேறு யாருடையதாகவோ இருந்தது. கடலோரத்து ஓட்டல் அறை என்றால் யாருடையதும் இல்லை என்று நினைத்தாள். வருகிறவர்களுக்குப் புதிதாக விரிப்பு மாற்றி வைத்திருப்பார்கள், ஒருவர் வாசனையும் அதில் இருக்காது என்று.

விரிப்பு மாற்றித்தான் வைத்திருந்தார்கள், ஆனால் வெயில் காணாமல் அது ஈர வாடை அடித்தது. நாற்காலியில் போட்ட துண்டுகள் காயவில்லை. ஏ.சி. அடிக்கடி நின்று நின்று ஓடியது. கீழே புல்வெளியில் போட்டிருந்த பந்தலைக் காற்று பிய்த்துவிட்டதால் மத்தியானச் சாப்பாடு உள்கூடத்தில் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். பாம்பனில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம். வந்திருந்த நாலைந்து குடும்பங்களில் இரண்டு குடும்பம் காலை இட்லியோடு கிளம்பிவிட்டது. எட்வின், ரோடு எப்படி இருக்குன்னு விசாரிச்சுட்டு இதோ வந்துடறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. அறையில் இருக்க அவரால் முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ராத்திரி விளக்கணைத்ததும் அவர் யோசிக்காமல் சன்னல் பக்கம் போய்ப் படுத்தார், வீட்டில் அவர் சுவர்ப் பக்கம்தான் படுப்பார். இங்கே சன்னல் பக்கம். அப்படியென்றால் இந்தச் சுவர்ப் பக்கத்தில், இந்தத் தலையணை இருக்கும் இடத்தில், பெனிட்டாவின் அம்மா ஹெப்சிபா படுத்திருப்பாள். சுகிர்தா வெகுநேரம் மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, இடித்துவிடாதபடி படுத்திருந்தாள். யாரை இடித்துவிடாதபடி என்று காலையில் யோசித்தபோது உடம்பு சிலிர்த்தது.

வீட்டில் ஹெப்சிபாவோடு அவளுக்கு ஒரு தகராறும் இல்லை. கூடத்தில் படம் இருக்கிறது, செவ்வந்திக் கலர்ப் புடவையில், கழுத்தை லேசாகச் சாய்த்து. சுகிர்தாதான் தூசி தட்டுகிறாள். சமையல்கட்டில் அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருந்த இடத்தில் கடுகு, சீரகம் இருந்த இடத்தில் சீரகம், மாற்றவில்லை. ஒருநாள் கை தவறி வெந்தயத்தைச் சீரகக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஐயோ என்று படத்தைப் பார்த்துச் சிரித்தாள். செத்துப்போனவர்களிடம் அப்படிப் பழகிவிடலாம், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால். இங்கே தெரியாமல் வந்து முட்டிக்கொண்டதுதான் கஷ்டம். ஒரு வார்த்தை, நாங்க வருஷா வருஷம் போற இடம் சுகிர்தா, என்று ஒரே ஒரு வார்த்தை காரில் வரும்போது சொல்லியிருந்தால், மானாமதுரை தாண்டி டீ குடிக்க நிறுத்தினோமே, அங்கே சொல்லியிருந்தால். அவர் சொல்லமாட்டார். அவர் கேட்கிற மனுஷன். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்து முதல்முதலில் அவளிடம் பேசியதே கேள்விதான். பாட்டுப் புத்தகத்தில் எழுத்து கலங்குகிறது என்று போயிருந்தாள். அந்தக் கனமான வட்டச் சட்டத்தை அவள் மூக்கின்மேல் வைத்து, ஒவ்வொரு சில்லாகப் போட்டு எடுத்து, இதுல நல்லாத் தெரியுதா, இதுல நல்லாத் தெரியுதா, என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளுடைய வாழ்க்கையில் யாரும் அவளிடம் அத்தனை தடவை அவளுக்கு எது நல்லது என்று கேட்டதில்லை. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, முதல்ல வச்சது, என்றாள். காதுக்குப் பின்னால் கம்பி அழுத்துகிறதா என்று பார்க்க அவர் விரல் ஒரு நொடி பட்டது. அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டினாள். இப்போது நினைக்கும்போது, அவர் எல்லாரையும் கேட்டுவிட்டு, தன் ஆசையை மட்டும் யார் காதிலும் போடாமல் வைத்திருப்பவரோ என்று தோன்றியது. தோன்றியதும் நழுவியது. இரைச்சல். கண்ணாடியில் ஒரு சொட்டு மேலிருந்து கிளம்பி, இன்னொன்றோடு சேர்ந்து, திசை மாறி, நின்றது.

பெனிட்டா அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜூனிலிருந்து இன்றைக்கு வரைக்கும் ஒரு தடவைகூட. சித்தி என்றால் சித்தி, ஆன்ட்டி என்றால் ஆன்ட்டி, எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். அந்தப் பெண் வாக்கியத்தையே அப்படிச் சமைத்துவிடும். சாப்பாடு இருக்கா? அப்பா வந்தாச்சான்னு தெரியல. இது எங்க வைக்கணும்? எதிரே ஆள் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். கூப்பிட வேண்டியிருந்தால் பக்கத்தில் வந்து நிற்கும். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்து சுகிர்தா திரும்புவாள். மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. துணி மடித்துக் கொடுக்கும், தலைவலி என்றால் தைலம் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போகும். அண்ணன் வீட்டில் தான் அப்படித்தான் இருந்தோமா என்று சுகிர்தாவுக்குச் சில சமயம் தோன்றும், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் தைலத்தை வைத்துவிட்டுப் போகிறவளாக. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. அந்தப் பக்கம் பெனிட்டா. சத்தமே இல்லை. படிக்கிறாளோ, தூங்குகிறாளோ. வரல என்ற சொல்லை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே சுகிர்தா திரும்பவும் சொல்லிப் பார்த்தாள். அதில் குத்தல் இருந்ததா? நேற்று இருந்த மாதிரி இருந்தது. இப்போது வெறும் சொல்லாக, காலியாக இருந்தது. பாதி உடம்பாக உட்கார்ந்து இடுப்பு வலித்தது. சரிந்து படுத்தாள், சுவர்ப் பக்கம்தான், வேறு எங்கே படுப்பது.

படுத்ததும் இரைச்சல் அடியிலிருந்து வர ஆரம்பித்தது, கட்டிலுக்குக் கீழே தண்ணீர் போவது போல. தூக்கம் என்று சொல்ல முடியாது, கண்ணிமை ஒட்டியும் ஒட்டாமலும், அறையின் மஞ்சள் திரைச்சீலை உள்ளே மஞ்சளாகவே தெரிந்தது. குளியலறைக் கதவு திறந்து ஹெப்சிபா வந்தாள். பயமாக இல்லை. தலைக்குக் குளித்திருந்தாள், துண்டைக் கொண்டையாகச் சுற்றி, செவ்வந்திக் கலர் இல்லை, ஏதோ சாதாரணக் கைத்தறி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே கண்ணாடி முன்னால் போய் நின்று, ஒரு ஊக்கு இருக்குமா என்றாள். சுகிர்தா தன் வளையலில் தேடினாள், எப்போதும் இரண்டு ஊக்கு மாட்டி வைத்திருப்பாள், அன்றைக்கென்று இல்லை. தாலிச் சரட்டில் தேடினாள், இல்லை. இருங்க அண்ணன் வீட்டுல வச்சிருக்கேன் எடுத்துட்டு வர்றேன் என்று எழுந்தால் தரை முழுக்க முழங்கால் வரைக்கும் தண்ணீர், இளஞ்சூடாக, அச்சு முறுக்குகள் அதில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. ஹெப்சிபா தண்ணீரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இந்தச் சத்தம் நிக்கவே நிக்காதா, என்றாள் சலிப்போடு, ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளையிடம் சொல்வது மாதிரி. பாட்டுக்குழு பக்கத்து அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது, அவள் இல்லாமலே, அவள் பாடவேண்டிய குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது, யார் பாடுகிறார்கள், தட்டுகிறார்கள், யாரோ தட்டுகிறார்கள், மூன்று தட்டு, பிறகு ஒன்று.

கண் விழித்தாள். திரைச்சீலை ஆடியது. தட்டிய சத்தம் கதவிலா, பலகணியில் தாழ் விட்டுப்போன சன்னலிலா? சன்னலாகத்தான் இருக்கும். காற்று. படுத்தபடியே கேட்டாள், இல்லை. பெனிட்டாவாக இருந்தால் இன்னொரு தடவை தட்டுமே. தட்டாது, அந்தப் பெண் இன்னொரு தடவை தட்டாது, ஒரு தடவை தட்டிப் பதில் இல்லையென்றால் போய்விடும், அப்படித்தானே வளர்ந்திருக்கிறது அம்மா போன இந்த மூன்று வருஷமாக. எழுந்து நடுக்கதவைத் திறந்தாள். பெனிட்டா, என்றாள். அறை காலியாக இருந்தது. வேதியியல் புத்தகம் குப்புறக் கிடந்தது. பலகணிக் கதவு அகலத் திறந்து மழை உள்ளே வந்து தரையில் குட்டையாக நின்றது. செருப்பு இல்லை. சாப்பிடப் போயிருக்கும், அப்பாவிடம் போயிருக்கும். ஆனால் பலகணிக் கதவை இப்படித் திறந்துபோட்டு யாராவது சாப்பிடப் போவார்களா? எட்டிப் பார்த்தாள். சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து எழுந்தன, அவற்றுக்கு அப்பால் வெள்ளையாக ஒரு கோடு, அது இடம் மாறிக்கொண்டே இருந்தது, அதுதான் கடல். பதினேழு வயது. இந்த வயதில் பிள்ளைகள். தாய் இல்லாத, இந்த அறைக்குத் திரும்ப வந்த பிள்ளை. தட்டினாளே. தட்டினபோது நான் படுத்துக் கிடந்தேனே. செருப்பை மாட்ட மறந்து படியில் இறங்கினாள். தரை வழுக்கியது, கைப்பிடி ஈரமாக இருந்தது, கூடத்தில் பஞ்சு ஒட்டிய கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்குகள் அணைந்து கிடந்தன. டிவி முன்னால் இரண்டு பேர், எட்வின் இல்லை. நரைமீசைக்காரர் அவளைக் கண்டதும் எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். நேத்து தெரியாமக் கேட்டுட்டேன்மா, என்றார், சார் காலையில வந்து எல்லாம் சொன்னாரு, மனசுல வச்சுக்காதீங்க. எல்லாம் சொன்னாரா, இவரிடமா? அந்த நேரத்திலும் அது சுருக்கென்றது. என்னிடம் ராத்திரி முழுக்கச் சொல்லாததைக் காலையில் போய் ஓட்டல்காரரிடம் சொல்லியிருக்கிறார். பாப்பாவப் பாத்தீங்களா, என்றாள். குடை கேட்டுச்சு, குடுத்தேன், பீச்சுப் பக்கம் போச்சு, குடிலத் தாண்டிப் போகக்கூடாதுன்னு காவலாளிகிட்டச் சொல்லி அனுப்பினேன்மா, என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வெளியே இறங்கிவிட்டாள்.

மணல் குளிர்ந்து கெட்டியாக இருந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது, மூக்குக்கண்ணாடியில் நீர் வழிந்து ஒன்றும் தெரியாமல் கழற்றி இடுப்பில் செருகினாள். கழற்றியதும் எல்லாம் கரைந்து ஒன்றாயிற்று, வானம் எது தண்ணீர் எது என்று பிரியவில்லை. ஒரு கணம் கனவு முடியவில்லையோ என்றிருந்தது, இந்த இளஞ்சாம்பலுக்குள் நடந்துபோனால் பாட்டுக்குழு வந்துவிடுமோ என்று. சிவப்புக் கொடி ஒன்று படபடத்தது. அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஓலை வேய்ந்த குடில், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு, பெஞ்சில் கால்களைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு உருவம். நீலச் சுடிதார். சுகிர்தா அங்கேயே மணலில் நின்று மூச்சு வாங்கினாள். பெனிட்டா பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள். அவள் பாதங்களைப் பார்த்து, செருப்பு எங்க என்றாள். மறந்துட்டேன், என்றாள் சுகிர்தா. நான் தட்டினேன், தூங்கிட்டிருந்தீங்க போலன்னு வந்துட்டேன், என்றாள் பெனிட்டா. சுகிர்தா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள், இருவரும் கடலைப் பார்த்தார்கள். பக்கத்தில் வந்து பார்த்தால் அது பயங்கரமாகக்கூட இல்லை, கலங்கிய டீத்தண்ணீராக, களைத்துப்போன மாதிரி, புரண்டு புரண்டு விழுந்துகொண்டிருந்தது.

பெனிட்டா சொன்னாள்.

"நேத்து அவரு கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. வாயில அதுதான் வந்துச்சு."

"வரலதானம்மா," என்றாள் சுகிர்தா. "அதுல என்ன தப்பு."

பெனிட்டா முழங்காலில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்க்கக்கூடாது என்று சுகிர்தா கடலையே பார்த்தாள். பிறகு அந்தப் பெண் தெளிவான குரலில், இந்த இடம் உங்களுக்குப் புடிச்சிருக்கா, என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அப்பா சொன்னாரு, நீங்க கடலப் பாக்கணும்னு ரொம்ப ஆசப்படுறீங்கன்னு, அதுதான் நான் சரின்னேன், இல்லாட்டி வந்திருக்கவே மாட்டேன், என்றாள். சுகிர்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. கடலைப் பற்றி யாரிடமும் எப்போதும் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை. நானா, என்றாள். உங்கப்பா என்ட்ட, நீ ஆசப்படுறேன்னு சொன்னாரு, என்றாள். பெனிட்டா தலையைத் தூக்கினாள். நானா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் முதல்முறையாக நேராகப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் மூக்கு சிவந்திருந்தது, இமையில் தண்ணீர், உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று, சிரிப்பா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாமல். அவருக்குத்தான் வரணும்னு இருந்திருக்கு, என்றாள் சுகிர்தா மெல்ல. அது வாயிலிருந்து வந்தபோது ராத்திரியிலிருந்து அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இடம் விட்டது. தன் ஆசையை ஒரு மகள் பெயரிலும் ஒரு மனைவி பெயரிலும் எழுதி வைத்துவிட்டு, இப்போது எங்கேயோ மழையில் நின்றுகொண்டிருக்கும் ஒரு மனுஷன்.

பெனிட்டா சொல்ல ஆரம்பித்தாள். கதை மாதிரி இல்லை, துண்டு துண்டாக. அம்மாவுக்கு இந்த இடமே ஆகாது. வந்து இறங்கின நிமிஷத்திலிருந்து தலைவலி. இந்தக் கடல் சத்தம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அறையை விட்டு இறங்க மாட்டார்கள், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்கள். அப்பா நடந்துவிட்டு வருகிற சத்தம் கேட்டால் எழுந்து, பஞ்சை எடுத்துவிட்டு, தலைசீவி, பலகணியில் போய் நின்றுகொள்வார்கள், அப்போதுதான் ரசித்துக்கொண்டிருந்த மாதிரி. ஒரு வருஷம், ஏம்மா அப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே என்று பெனிட்டா கேட்டதற்கு, வருஷம் முழுக்க அந்தக் கண்ணாடிக் கடையில உக்காந்திருக்காரு, இது ஒண்ணுதான் அவரு ஆசப்படுறது, சொல்லிராத என்றார்களாம். அதனால் சொன்னதில்லை. யார்ட்டயும் சொன்னதில்ல, என்றாள். பேசினால் உடைந்துவிடுகிற மாதிரி ஒன்று சுகிர்தாவின் கையில் வைக்கப்பட்டிருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் ஒருத்தியை நினைத்தாள், படத்தில் கழுத்தைச் சாய்த்திருப்பவளை இல்லை. இவளை அவளுக்குத் தெரியும். அடுத்தவர் சந்தோஷத்துக்காக எழுந்து நின்று தலைசீவிக்கொண்ட இவளை நன்றாகத் தெரியும், வேறொரு வீட்டில் வேறொரு பெயரில் வெகுகாலம் கூடவே இருந்திருக்கிறாள். ராத்திரி முழுக்க இந்த அம்மாவையா இடித்துவிடக்கூடாது என்று ஒதுங்கிக் கிடந்தோம் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ குழைந்தது.

சவுக்கு மரங்களுக்கு இடையிலிருந்து எட்வின் வந்தார். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார், காற்றில் குடை திரும்பிக்கொண்டு கம்பிகள் வெளியே நின்றன, அதைச் சரிசெய்யவும் செய்யாமல் பிடித்துக்கொண்டே நடந்தார். குடிலைப் பார்க்கவில்லை. நேராகத் தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றார். நுரை வந்து கணுக்காலில் ஏறி இறங்கியது. முதுகுதான் தெரிந்தது, ஆனால் தலை லேசாக அசைவதிலிருந்து அவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. வாக்கியம் வாக்கியமாக, நடுவில் நிறுத்தி, பதில் கேட்பது மாதிரி. காவலாளி தூரத்தில் விசில் ஊதினான். சுகிர்தா எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை. போய் என்ன செய்வது, கையைப் பிடித்து இழுத்து வருவதா? இது அவர் வருஷா வருஷம் வந்து சேர்கிற இடம். இது தனக்கான பேச்சு இல்லை. வலிக்கிறதா என்று பார்த்தாள், வலித்தது, ஆனால் ஓரத்தில் மட்டும், நகக்கண்ணில் பட்ட காயம் மாதிரி. வரட்டும், என்றாள். பெனிட்டா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் துப்பட்டாவை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல், அவள் ஈரத் தலையின்மேல் போட்டாள்.

அவர் திரும்பியபோது இருவரையும் கண்டார். அகப்பட்டுக்கொண்ட முகம். குடையை மடக்கப் பார்த்து, மடங்காமல், அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து குடிலின் விளிம்பில் நின்றார், ஓலையிலிருந்து ஒழுகும் நீர் தோளில் விழ. உள்ளே வாங்க, என்று சொல்லிவிட்டு சுகிர்தா மறுபடி உட்கார்ந்தாள். வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். ரோடு நல்லாத்தான் இருக்காம், என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். பாதத்தில் ஒட்டிய மணலை இன்னொரு பாதத்தால் தேய்த்தார்.

"உன்ட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார், மணலைப் பார்த்தபடி. "ஹெப்சிக்கு இந்த எடம்னா உசுரு. வருஷா வருஷம் வருவோம். அவ நாள் பூரா அந்த பால்கனியில நின்னு கடலப் பாத்துட்டே இருப்பா."

பெனிட்டாவின் உடம்பு விறைத்தது. வாய் திறக்கப்போகிறது என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. பெஞ்சில் தங்கள் இருவருக்கும் நடுவே ஊன்றியிருந்த அந்தப் பெண்ணின் கைமேல் தன் கையை வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள். பெனிட்டா வாயை மூடிக்கொண்டு கடலின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எட்வின் இதை எதையும் பார்க்கவில்லை. சொல்லிவிட்ட நிம்மதியில் முகம் இளகியிருந்தது. அந்த இளக்கத்தோடு அவளைப் பார்த்து, உனக்கும் இந்த எடம் புடிச்சிருக்கா சுகிர்தா, என்று கேட்டார்.

கேட்டதும் அவளுக்குள் ஒரு நீண்ட நேரம் திறந்தது. புடிச்சிருக்குங்க என்ற சொல் நுனிநாக்கில் வந்து நின்றுவிட்டது, அது வருவதற்கு யோசனையே தேவையில்லை, நாற்பது வருஷமாகப் பழகிய சொல். அதைச் சொன்னால் அவர் முகம் எப்படி மலரும் என்று தெரியும். அடுத்த வருஷமும் வருவோம், அதற்கடுத்த வருஷமும். நரைமீசைக்காரர் பழைய ரூம் போட்டு வைப்பார், அவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். அவர் படியேறி வரும் சத்தம் கேட்டால் எழுந்து தலைசீவுவாள். அதையும் இந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில், தன் கைக்குக் கீழே, அந்தப் பெண்ணின் விரல்கள் அசையாமல் காத்திருந்தன.

"இல்லங்க," என்றாள். "எனக்குப் புடிக்கல."

சொன்ன பிறகு குரல் தன்னுடையதா என்று கேட்டுப் பார்த்தாள். நடுங்கவில்லை. எட்வின் திகைத்தார், அடிபட்ட திகைப்பு இல்லை, யாரோ புது மனுஷி வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி அவளை உற்றுப் பார்த்தார். நம்ம வீட்டுல இருக்கணும்போல இருக்கு எனக்கு, என்றாள் அவள். நம்ம வீடு என்று சொன்னோமா என்று ஒரு கணம் தடுமாறி, சொன்னோம்தான் என்று விட்டுவிட்டாள். சரி, என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, சரி சுகிர்தா, என்றார். மழை ஓலையில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க," என்றாள். "பால்கனியில நின்னு பாத்துட்டே இருப்பாங்க, அப்புறம்?"

அவர் தயங்கினார், மகளைப் பார்த்தார், பிறகு சொல்ல ஆரம்பித்தார். நல்ல காற்று அடிக்கும்போது ஹெப்சிபாவின் முந்தானை கம்பியைத் தாண்டி வெளியே பறக்கும் என்றும், கீழேயிருந்து அவர் கையசைத்தால் அவளும் கையசைப்பாள் என்றும், அவ்வளவு சந்தோஷமாக அவளை வேறெங்கும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பெனிட்டா கடலைப் பார்த்தபடி, ஆமாப்பா, என்றாள். சுகிர்தா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து, உம் கொட்டி, அந்தப் பலகணியில் ஹெப்சிபா தலைவலியோடு சிரித்துக்கொண்டு நின்று கையசைப்பதைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.